உதிர்ந்த ஏடும் அழிந்த கோப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூரில் எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கையில் ஒரு துணிப்பை. பைக்குள், பழைய துண்டில் பத்திரமாகச் சுற்றிய மூன்று ஹார்டு டிஸ்க்குகள்.

அவருடைய தந்தையார் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். தினமும் இரவு அன்று நடந்ததை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அப்படிச் சேர்ந்தவை 14 நோட்டுகள். பெரியவர் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அடையாறில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனபோது, கரையான் அரிக்கத் தொடங்கியிருந்த அந்த நோட்டுகளைப் பேரப்பிள்ளை ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றினான். “படம் பிடித்தாயிற்றே” என்று நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

“மூன்று பிரதி இருக்கிறது என்று தைரியமாக இருந்தேன், தம்பி. இப்போது மூன்றிலும் அந்த உறை வெறுமையாக இருக்கிறது. எப்படி?” என்று கேட்டார்.

வாசகர்களே, அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதானே நாம் படி எடுத்து வைக்கிறோம்? மூன்றும் ஒரே இடத்தில் வெறுமையானது எப்படி? இதற்கு விடை கணிப்பொறி நூல்களில் உண்டு. ஆனால் அதைவிடத் தெளிவான விடை, நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த தமிழறிஞர்களின் வரலாற்றில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

காந்தத்தில் எழுதும் கலை

ஒலியைக் காந்தத்தில் பதிய வைக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டின் வால்டெமர் பௌல்சன். ஆண்டு 1898. அவர் பயன்படுத்தியது எஃகுக் கம்பி. கம்பிக்குப் பின் நாடா வந்தது. நாடாவில் ஓர் இடையூறு உண்டு: நடுவில் இருப்பதைப் படிக்க வேண்டுமானால் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தக் குறையைப் போக்க, சுழலும் வட்டில் எழுதும் பொறியை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தப் பொறியில் எழுத முடிந்தவை சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று உங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு அந்த இடம் பெரும்பாலும் போதாது!

நம் அடையாறுப் பகுதியிலேயே, ஐ.ஐ.டி. வளாகத்தில் 1973-இல் ஐ.பி.எம். 370 வகைக் கணிப்பொறி நிறுவப்பட்டது. அன்று ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்த வட்டுகளின் கொள்ளளவு இன்று சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. இந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் இருப்பது இயற்பியல். 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் கிரூன்பெர்க்கும் கண்டறிந்த பேரளவுக் காந்தத் தடை விளைவு, மிக மிகச் சிறிய காந்தப் புள்ளிகளையும் படிக்க வழி செய்தது. இருவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வட்டின் மேற்பரப்பில் நுண்ணிய காந்தப் புள்ளிகள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றின் காந்தத் திசை மாறுகிறதா, மாறவில்லையா என்பதைக் கொண்டே 1, 0 என்ற குறிகள் எழுதப்படுகின்றன. எழுதவும் படிக்கவும் உதவும் ‘தலை’ வட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. இடைவெளி சில நானோ மீட்டர்களே. நம் தலைமயிரின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தூசி போதும், தலை வட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் எழுத்து போய்விடும். ஓலையில் பூச்சி துளைத்த இடத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அழித்தால் அழிந்துவிடுமா?

ஒரு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். வாசலில் அட்டவணைச் சீட்டுகள். உள்ளே அலமாரிகளில் புத்தகங்கள். ஒரு புத்தகத்தின் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டால், அந்தப் புத்தகம் இல்லை என்றே நூலகர் சொல்வார். ஆனால் புத்தகம் அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு ஒரு நாள் “இந்த இடம் காலி” என்று எண்ணி அதை எடுத்துவிட்டு வேறு புத்தகத்தை வைப்பார்கள். அப்போதுதான் பழையது உண்மையாகவே போகும்.

காந்த வட்டில் ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது நடப்பதும் இதுவே. பெரும்பாலும் அட்டவணைக் குறிப்பு மட்டும் நீங்குகிறது. எழுத்து அப்படியே இருக்கிறது. ஆகையால் அழித்த கோப்பை மீட்க முதல் விதி, அந்த வட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் இருப்பது. (சுழலாத சில்லு வகைச் சேமிப்பான்களில் நிலைமை வேறு. அவற்றில் பெரும்பாலானவை அழித்த இடத்தைத் தாமாகவே துடைத்துச் சுத்தம் செய்துவிடும். அங்கே நம்பிக்கை குறைவு.)

பெரியவரின் முதல் வட்டை ஆராய்ந்தேன். அந்த உறை எப்போதோ தவறுதலாக அழிந்திருக்கிறது. அது தெரியாமல் அதன் பிறகு பேத்தியின் கல்யாணப் படங்களும் வீடியோக்களும் அந்த வட்டில் ஏற்றப்பட்டிருக்கின்றன. நோட்டுகள் இருந்த இடத்தின் மேல் கல்யாணம் எழுதப்பட்டுவிட்டது.

சரி, மற்ற இரண்டு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவை இரண்டும் முதல் வட்டின் நேர்ப்படிகள். மாதம் ஒரு முறை, முதல் வட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே இவற்றில் எழுதும்படி பேரப்பிள்ளை ஏற்பாடு செய்திருந்தான். இதை ‘க்ளோன்’ என்பார்கள். நேர்ப்படி மிகவும் நேர்மையானது. முதல் வட்டில் உள்ளதை உள்ளபடி எழுதும். இல்லாததை இல்லாதபடியே எழுதும். மூலத்தில் ஓட்டை விழுந்தால் அடுத்த மாதமே படியிலும் அதே இடத்தில் அதே ஓட்டை விழும். பெரியவரிடம் மூன்று வட்டுகள் இருந்தன. ஆனால் பிரதி ஒன்றுதான் இருந்தது.

ஓலையில் இதே கதை

இனி, சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டுக்குப் போவோம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையரை, அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், “சீவக சிந்தாமணி படித்ததுண்டா?” என்ற பொருளில் கேட்டார். அந்தக் கேள்வி ஓர் ஆசிரியரின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியது. முதலியார் கொடுத்த பிரதியோடு தொடங்கியவர், பிரதிகளைத் தேடி மடங்களிலும் கோயில்களிலும் புலவர் வீடுகளிலும் ஏறி இறங்கினார். சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தவரான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கலித்தொகை முதலிய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

ஓலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகளே. ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதியாக வேண்டும். சங்கப் பாடல்கள் நம்மிடம் வந்தது மூல ஓலையில் அல்ல; படியின் படியின் படியாகத்தான். எழுதுகிறவர் கண் ஓர் அடியிலிருந்து வேறோர் அடிக்குத் தாவிவிட்டால், இடையில் இருந்தது போயிற்று. அவருடைய படியைப் பார்த்து எழுதியவர்களுக்கெல்லாம் அது போனது போனதுதான்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. அதில் தலைவியும் தோழியும் மலைச்சாரலில் பறித்துக் குவித்த மலர்களின் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. 99 மலர்கள் என்று எண்ணிச் சொல்வார்கள். பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும் முயற்சியின்போது ஐயர் தம்மிடம் இருந்த பிரதிகளைப் பார்த்தால், அந்த மலர் வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. எத்தனை பிரதிகளைப் புரட்டினாலும் அந்த இடம் நிரம்பவில்லை. கடைசியில் தருமபுரம் ஆதீனத்து ஏடுகளில் அந்தப் பகுதி கிடைத்தது. இந்த அனுபவத்தைப் பிற்காலத்தில் ‘உதிர்ந்த மலர்கள்’ என்ற தலைப்பில் அவர் எழுதினார்.

இங்கே கவனிக்க வேண்டியது என்ன? ஒரே குறையுள்ள பிரதிகள் பத்து கிடைத்தாலும் அவை ஐயருக்கு ஒரு பிரதிக்குச் சமம். வேறு வழியில் வந்த ஒரே ஓர் ஏடு, அந்தப் பத்தும் செய்ய முடியாததைச் செய்தது. எண்ணிக்கை காக்கவில்லை, பரம்பரை காத்தது.

குறையே சொல்லும் குலவரலாறு

இந்த உண்மையை ஒரு முறையாகவே வகுத்தவர்களில் முதன்மையானவர் கார்ல் லாஃக்மன் என்ற ஜெர்மானிய அறிஞர். காலம் 1793–1851. பல கைப்பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை எல்லாம் அந்தப் பிழை இருந்த ஒரு தாய்ப்பிரதியிலிருந்து பிறந்தவை என்று கொள்ளலாம் என்பது அந்த முறையின் உயிர்நாடி. நம் ஊரில் பிள்ளைகளின் மூக்கைப் பார்த்துக் குடும்பம் சொல்வதைப் போல, பிழையைப் பார்த்து ஏட்டின் குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

தேர்வுத்தாள் திருத்தும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. இரண்டு மாணவர்கள் சரியான விடை எழுதியிருந்தால் ஐயப்பட இடமில்லை. இருவரும் ஒரே தவற்றை ஒரே இடத்தில் எழுதியிருந்தால்தான் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று பார்க்கத் தோன்றும்!

புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் முழுமையாகவே போய்விட்டன. தேடித் தேடிச் சேர்த்த பிரதிகளிலும் இந்த இடங்கள் நிரம்பவில்லை. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊரில், சில ஓலைகள் உதிர்ந்த ஒரு சுவடியை ஒருவர் பார்த்து எழுதியிருக்க வேண்டும். முழுமையான சுவடிகளின் வழி அற்றுப்போய், குறையுள்ள வழி மட்டும் இன்றுவரை தழைத்திருக்க வேண்டும். பெரியவரின் மூன்று வட்டுகளில் நடந்ததும் இதுவே. ஓலையில் சில நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட காரியத்தை மின்சாரம் சில மாதங்களில் முடித்துவிட்டது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கையால் எழுதுகிறவர் இயந்திரம் அல்லர். ஒருவர் விட்டதை மற்றொருவர் விடமாட்டார். ஒருவர் ‘ன’ என்று படித்ததை மற்றொருவர் ‘ள’ என்று படித்திருப்பார். இதனால்தான் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஐயர் தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை மேலே அச்சிட்டு, மற்றப் பிரதிகளில் கண்ட பாட பேதங்களைக் கீழே குறித்தார். தம் முடிவு தவறாகவும் இருக்கலாம், பின்னால் வருகிறவர்களுக்கு ஆதாரம் வேண்டும் என்ற அறிவியல் மனப்பான்மை அது. கணிப்பொறியின் நேர்ப்படியிலோ பாட பேதமே கிடையாது. ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். பிழையும் ஒன்றாகவே இருக்கும். படியெடுப்பதில் நாம் அடைந்த முழுமையே, பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரு வழியை அடைத்துவிட்டது.

தன்னைத் தானே காக்கும் எழுத்து

அப்படியானால் எழுத்து தன் குறையைத் தானே காட்டிக் கொடுக்கும்படி செய்ய முடியாதா? முடியும். ஓர் எளிய கணக்குப் பாருங்கள். 7, 4, 9 என்ற மூன்று எண்களை மூன்று தாள்களில் எழுதுங்கள். நான்காவது தாளில் அவற்றின் கூட்டுத் தொகையான 20-ஐ எழுதுங்கள். நான்கு தாள்களையும் நான்கு பேரிடம் கொடுங்கள். இரண்டாம் தாள் தொலைந்தால் என்ன? 20-இலிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் 4 கிடைத்துவிடுகிறது. எந்தத் தாள் தொலைந்தாலும் மற்ற மூன்றிலிருந்து அதை மீட்கலாம். பல வட்டுகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று பழுதானாலும் தகவல் போகாமல் காக்கும் ‘ரெய்டு’ அமைப்புகள் பலவற்றில் இந்தக் கருத்தே வேலை செய்கிறது. 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் இதை விரிவாக எழுதினார்கள். ஒற்றை எழுத்துப் பிழையைத் தானே கண்டு தானே திருத்தும் குறியீட்டை ரிச்சர்டு ஹாம்மிங் 1950-இலேயே வெளியிட்டிருந்தார்.

ஆனால் ‘மிகுதியாகச் சிறிது எழுதி வைத்தால் குறை தெரியும்’ என்ற தத்துவம் நம் புலவர்களின் செய்யுளிலும் இருந்திருக்கிறது. யாப்பு அமைந்த பாட்டில் ஒரு சீர் விடுபட்டால் ஓசை தட்டும். படிக்கிறவர் உடனே நிற்பார். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாக அமைந்தது: ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். இடையில் ஒரு பாட்டு உதிர்ந்தால் சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும். ஐங்குறுநூறு பத்துப் பத்தாக வகுக்கப்பட்டிருப்பதால்தான், விடுபட்டவை எத்தனை, எந்த இடத்தில் என்று இன்றும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ஒரு பொருள் தொலைந்துவிட்டது என்பதை அறிவதே மீட்பின் முதல் படி. பெரியவர் வீட்டில் அது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

முழு நூல் போன பிறகும் துணுக்குகள் மிஞ்சுவதுண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வளையாபதியின் 72 பாடல்களும் குண்டலகேசியின் 19 பாடல்களும் நம்மிடம் உள்ளன. எப்படி? புறத்திரட்டு என்ற தொகை நூலிலும், பழைய உரைகளிலும் பிறர் மேற்கோளாக எடுத்தாண்டதால். கணிப்பொறி வல்லுநர்களும் அட்டவணை முற்றிலும் அழிந்த வட்டில் இதைப் போலவே தேடுகிறார்கள். பல வகைக் கோப்புகளுக்குத் தொடக்கத்தில் ஓர் அடையாளக் குறி உண்டு. வட்டு முழுவதும் அந்தக் குறியைத் தேடி, கிடைத்த துண்டுகளைச் சேர்க்கிறார்கள்.

மீட்கும் முறை

தாமோதரம் பிள்ளை ஓலைச்சுவடிகளின் நிலையைச் சொல்லும்போது, கட்டை அவிழ்க்கும்போதே ஏடு முறிகிறது, புரட்டும்போதே துண்டாகிறது என்று வருந்தியிருக்கிறார். பழுதான காந்த வட்டும் அப்படித்தான். ஒவ்வொரு முறை சுழலவிடும்போதும் இன்னும் சிறிது கெடலாம். ஆகவே அதில் நேரடியாகக் கோப்புகளைத் தேடிக்கொண்டிருப்பது தவறு. முதலில் வட்டு முழுவதையும் ஒரு நல்ல வட்டுக்குப் படியெடுத்துவிட வேண்டும். தேடுதல் எல்லாம் அந்தப் படியில்தான்.

படியெடுப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட வேண்டும். தடுமாறும் இடத்தில் முட்டி மோதாமல், அதைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போக வேண்டும். முடிவில் திரும்பி வந்து, குறித்த இடங்களை மட்டும் சிறிது சிறிதாக மீண்டும் முயல வேண்டும். இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் உள்ளன. ‘டிடிரெஸ்க்யூ’ என்பது அவற்றுள் புகழ் பெற்றது. வெவ்வேறு இடங்களில் பழுதான இரண்டு நேர்ப்படிகள் கிடைத்தால், ஒன்றின் ஓட்டையை மற்றொன்றால் அடைத்து முழுமையாக்கவும் அதனால் முடியும். குறிஞ்சிப்பாட்டின் மலர்களைத் தருமபுரத்து ஏடு நிரப்பியதே, அந்த வேலையை அது செய்கிறது.

பெரியவரிடம் நான் கேட்டேன்: “இவை மூன்றும் வேண்டாம், சார். இவற்றுக்கு முன்னால் வாங்கியது, வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டது ஏதாவது இருக்கிறதா?”

சிறிது யோசித்தார். வீடு மாறியபோது கொண்டுவந்து பரணில் போட்ட பழைய வட்டு ஒன்று உண்டு. ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிறது என்பதால் ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் அதைக் கொண்டுவந்தார். ஒதுக்கப்பட்ட நாள் முதல் யாரும் அதில் எதையும் எழுதவில்லை. அதுவே அதன் பெருமை. புதிய படிகள் மூன்றுக்கும் தெரியாதது, அந்தக் கெட்டுப்போன பழைய வட்டுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு இரவும் ஒரு பகலும் அது மெல்ல மெல்லப் படித்தது. 14 நோட்டுகளில் 11 நோட்டுகள் முழுமையாகக் கிடைத்தன. பன்னிரண்டாவது, வெளியூரில் இருக்கும் மகனுக்கு எப்போதோ மின்னஞ்சலில் அனுப்பியதால் தப்பியது. புறத்திரட்டில் தப்பிய பாடல்களைப் போல. மீதி இரண்டும் கிடைக்கவில்லை. அந்த நோட்டுகள் இருந்த இடத்தில் வட்டின் மேற்பரப்பே கீறிப்போயிருந்தது.

பெரியவர் கிடைத்தவற்றைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இரண்டு பாட்டு இல்லாமலும் புறநானூறு புறநானூறுதானே, தம்பி” என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்ததா, வருத்தமாக இருந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

படி எங்கே இருக்க வேண்டும்?

உ. வே. சா. தம் வாழ்க்கை வரலாற்றில் நெஞ்சைச் சுடும் செய்திகள் சிலவற்றைப் பதிவு செய்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய மன்னர் வழி வந்த ஏடுகளைத் தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாக அவருக்குச் சொன்னார்களாம். ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்ட வீடுகளும் உண்டு. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய படி எழுதி முடித்த பிறகே பழையதை நீக்குவது முன்னோர் முறையாக இருந்திருக்கலாம். பின்வந்தவர்கள் முதல் பாதியை மறந்து இரண்டாம் பாதியை மட்டும் பின்பற்றினார்கள். பெரியவர் வீட்டு நோட்டுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். படியைச் சோதித்துப் பார்க்காமல் மூலத்தைக் கைவிடுவது எந்தக் காலத்திலும் ஆபத்துதான்.

ஒரே இடத்தில் எல்லாப் படிகளையும் வைப்பதும் ஆபத்தே. 1981-இல் மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை கடந்து கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்ததைச் சென்னை வாசகர்கள் மறந்திருக்க முடியாது. மேசை மேல் இருந்த கணிப்பொறியும் மேசை அறைக்குள் இருந்த காப்புப்படியும் ஒன்றாகவே நனைந்தன. (நனைந்த வட்டை உலர்ந்ததா என்று பார்க்க மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். அதுவே பலமுறை கடைசி அடியாகிவிடும்.)

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான ஓர் ஆணையால் அழியத் தொடங்கின. காப்பு நாடாக்களை எடுத்துப் பார்த்தால் அவை சரியாகப் பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை! குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்துவந்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணிப்பொறியில் இருந்த பழைய படியே அந்தப் படத்தைக் காப்பாற்றியது. அங்கும் காத்தது, வேறு இடத்தில் வேறு காலத்தில் எடுத்த ஒரு படிதான்.

ஆகவே வாசகர்களே, உங்களிடம் காக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் — பாட்டியின் குரலோ, ஆய்வுக் கணக்கோ, குடும்பப் படங்களோ — மூன்று செய்யுங்கள். முதலாவது, ஒரே வட்டின் மேல் திரும்பத் திரும்பப் படியெடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு படியையாவது தேதியிட்டுத் தனியே வைத்துவிடுங்கள், அதன்மேல் எழுதாதீர்கள். இரண்டாவது, ஒரு படி அடையாற்றில் இருந்தால் மற்றொன்று தியாகராய நகரில் இருக்கட்டும். மூன்றாவது மதுரையிலோ நெல்லையிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். மூன்றாவது, எடுத்த படியை அவ்வப்போது திறந்து படித்துப் பாருங்கள். படிக்காத படி, படி அன்று.

பெசன்ட் நகரில், கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு நூலகம் இருக்கிறது. உ. வே. சா. 1942-இல் மறைந்தபின், அவர் சேர்த்த சுவடிகளைக் காப்பதற்காக ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943-இல் அடையாறில் தொடங்கிய நூலகம் அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் அங்கே உள்ளன. புறநானூறு அச்சாகிவிட்டது, கணிப்பொறியிலும் ஏறிவிட்டது, உலகெங்கும் எண்ணற்ற படிகள் இருக்கின்றன. இனியும் அந்தப் பழைய ஓலைகள் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். அச்சுப் புத்தகத்தில் ஓர் எழுத்தைப் பற்றி ஐயம் எழும் நாளில், அத்தனை படிகளும் ஒரே விடையைத்தான் சொல்லும். வேறு விடை சொல்லக்கூடியது அந்த ஓலை ஒன்றே. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, கடற்கரைக்குப் போகும் முன் ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.